பதினைந்து பெண்களின் ஒரே ஞானத்தகப்பன்

ஸ்பானிய வம்சத்தில் பிறந்து இந்த நாட்டில் வாழும் கோடிக்கணக்கான மக்களுக்கு ஒரு குரல் கொடுத்தவர், அந்தக் குரலுக்கு ஒரு அச்சு கொடுத்தவர், அந்த அச்சுக்கு ஓர் ஆன்மா கொடுத்தவர் ரொஹேலியோ உர்தியாலெஸ் ஒருவரே.

இதை எழுதியவள் நான்தான். பதினோரு விருது விழா மலர்களில் இந்த வாக்கியம் வந்திருக்கிறது. முதல் மலரில் ஆன்மா கிடையாது. 'கோடிக்கணக்கான' என்பதும் 'லட்சக்கணக்கான' என்றுதான் இருந்தது. கடைசியில் 'ஒருவரே' இல்லை, 'போன்ற சிலர்' இருந்தார்கள். அந்தச் சிலரை அவர் வருஷத்துக்கு ஒருவராகப் பச்சை மையால் அடித்துக்கொண்டே வந்தார். ஐந்தாவது மலரில் தனியாக நின்றார்.

டாலஸ் நகரத்தில் தொலைபேசி டைரக்டரிக்கு விளம்பரம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் பெயர் ரோஜர். எண்பதாம் வருஷவாக்கில் வாஷிங்டன்காரர்களும் பீர் கம்பெனிக்காரர்களும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் எங்களைக் கண்டுபிடித்தார்கள். நாங்கள் இருநூறு வருஷமாக இங்கேயேதான் இருந்தோம். ஆனால் எங்களுக்கு ஓட்டு உண்டு, தாகமும் எடுக்கும் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. எங்களைப் பார்த்து விளம்பரம் செய்ய அவர்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை ரோஜர், ரொஹேலியோ ஆகி, சான் அன்டோனியோவுக்குக் குடிவந்து, 'கும்ப்ரே' என்று ஒரு மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். கும்ப்ரே என்றால் சிகரம். அலுவலகம் ஒரு சலவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது.

பத்திரிகை ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படிக்க வேண்டியவர்கள் விளம்பரம் கொடுப்பவர்கள். அவர்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. ரொஹேலியோவுக்கும் அவ்வளவாகத் தெரியாது, அது வேறு விஷயம்.

பதிப்புத் தொழிலுக்கு அவர் செய்த பெரிய பங்களிப்பு, 'செல்வாக்கு மிக்க நூறு பேர்' என்ற ஆண்டுப் பட்டியல். முதல் வருஷம் நான் தேடித் தேடி அறுபத்தொரு பேரைத்தான் கண்டுபிடித்தேன். மிச்சமுள்ள முப்பத்தொன்பது இடங்களில் பல் மருத்துவர்களைப் போட்டோம். பட்டியலில் பெயர் வந்தவர், விருது விழா விருந்தன்று பத்துப் பேர் உட்காரும் மேஜை ஒன்றை வாங்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. வாங்காதவருடைய செல்வாக்கு அடுத்த வருஷம் குறைந்துவிடும், அவ்வளவுதான்.

மேடையில் அவர் பருத்திக் காட்டில் வளர்ந்தவர். விடியுமுன்பே தோளில் சாக்கு, விரலெல்லாம் முள் கீறல். நிஜத்தில் அவர் அப்பா கார்ப்பஸ் கிறிஸ்டியில் மருந்துக்கடை வைத்திருந்தார். மகன் சிறுவயதில் பார்த்த பருத்தியெல்லாம் மாத்திரை பாட்டிலின் வாயில் அடைத்திருந்த பஞ்சுதான். பருத்திக் காட்டையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். முதுகுவலி மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டது. பேசப் பேச அவருக்கே நம்பிக்கை வந்து, பிற்காலத்தில் நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

பத்திரிகை வருஷா வருஷம் மெலிந்தது. கடைசி அட்டையில் விளம்பரம் கொடுத்துவந்த ஹால்வர்சன் சோளச் சிப்ஸ் கம்பெனி, மாதா மாதம் அட்டையை வாங்குவதைவிட ஆளையே வாங்கிவிடுவது மலிவு என்று முடிவு செய்தது. கும்ப்ரே மூடப்பட்டது. ரொஹேலியோ அந்தக் கம்பெனியின் அறக்கட்டளையில் தென் டெக்சஸ் கிளைக்குத் துணைத் தலைவரானார். ஒன்பதாம் மாடி, நதி தெரியும் ஜன்னல். இருபத்திரண்டு வருஷமாக அவருடைய வாக்கியங்களை எழுதிவந்த இமெல்டா திஹெரினா ஆகிய என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவரால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் தனியாக நடக்க முடியாது.

தர்மத்துக்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான்: முதலில் புகைப்படம், உதவி என்ன என்பதைப் பிறகு யோசித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் ஒன்று கூரை ஒழுகுகிறது என்று எழுதிக் கேட்டது. ஒழுகாத கூரையைப் படம் எடுத்தால் அது வெறும் கூரை என்றார். கூடைப்பந்து வளையம் அனுப்பினோம். மழைக்காலத்தில் பிள்ளைகள் அதன் கீழே வாளி வைத்து விளையாடியதாகக் கேள்வி.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது சிகாகோவில் முப்பத்தொன்றாம் மாடியில் ஒரு நாற்காலி காலியானது. நாடு முழுவதற்குமான அறக்கட்டளைத் தலைவர் நாற்காலி. கூடவே ஒரு கடிதமும் வந்தது. கிளைகளையெல்லாம் அக்டோபர் கடைசியில் மூடி, எல்லாவற்றையும் சிகாகோவில் இருந்தே நடத்தப் போகிறார்கள். ஆக, ரொஹேலியோ ஒன்று முப்பத்தொன்றாம் மாடிக்கு ஏற வேண்டும், இல்லை ஒன்பதாம் மாடியிலிருந்து தெருவுக்கு இறங்க வேண்டும். வயது ஐம்பத்தொன்பது. திரும்பிப் போய் டைரக்டரிக்கு விளம்பரம் பிடிக்கலாம் என்றால் டைரக்டரியே இப்போது அச்சாவதில்லை.

தேர்ந்தெடுக்கப் போகிறவர் கம்பெனியின் முதலாளி எர்லிங் ஹால்வர்சன். எண்பத்திரண்டு வயது, மினசோட்டாக் குடியானவன் வீட்டுப் பிள்ளை. சதவீதமும் வரைபடமும் காட்டினால் தூங்கிவிடுவார். போட்டிக்கு மயாமியிலிருந்து வந்த ஆள் நாற்பது வரைபடம் காட்டி அவரை நன்றாகத் தூங்க வைத்தாராம். விழித்ததும் கிழவர் சொன்னது எங்கள் காதுக்கு வந்தது. அந்த ஊர் ஜனம் யாரைத் தன் வீட்டு ஆள் என்று சொல்லுகிறதோ அவன்தான் எனக்கு வேண்டும், மற்றதெல்லாம் காகிதம் என்றிருக்கிறார். அக்டோபரில் வர்த்தகச் சங்கம் நடத்தும் மதிய விருந்துக்கு நேரில் வந்து பார்த்து முடிவு செய்வாராம்.

வீட்டு ஆள் ஆவது எப்படி என்று ரொஹேலியோ இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கின்சே," என்றார். "பதினஞ்சு வயசு முடிஞ்ச பொண்ணுங்க பதினஞ்சு பேர். ஊருக்கு மேற்குப் பக்கத்துல ஏழைக் குடும்பமா பாரு. ஒரே மண்டபம், ஒரே நாள், மொத்தச் செலவும் நம்மது. பதினஞ்சு கவுன், பதினஞ்சு கிரீடம். படம் எப்படி வரும், நினைச்சுப் பாரு."

நினைத்துப் பார்த்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் எங்கள் பெண்களுக்குப் பதினைந்து வயதானதும் பூசையோடு எடுக்கும் கின்சே விழாவை ஒரு ஆள் நடத்துவதில்லை என்பதை அவருக்கு நினைவூட்டினேன். கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், செருப்புக்கு ஒருவர், மோதிரத்துக்கு அத்தை, பாட்டுக்காரர்களுக்கு அப்பாவோடு வேலை செய்பவர், மண்டபத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒரு பெண்ணுக்கு இருபது பேராவது கை கொடுப்பார்கள். அழைப்பிதழில் எல்லார் பெயரும் வரும். அதுதான் வழக்கம்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. இருபது பெயருக்கு நடுவில் கம்பெனி பெயர் காணாமல் போய்விடும் என்றார். விளம்பரத் தொழிலில் 'ஒரே ஆதரவாளர்' என்று ஒன்று உண்டு. வேறு யார் பெயரும் பக்கத்தில் வரக்கூடாது என்பது அதன் அர்த்தம். அப்படியே ஒரு படிவம் தயார் செய்யச் சொன்னார். குடும்பங்கள் வேறு ஒருவரையும் ஞானத்தகப்பனாக வைக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். கேக், செருப்பு, கிரீடம், மோதிரம், வேதப்புத்தகம், பாட்டு, மண்டபம் எல்லாவற்றுக்கும் ஒரே ஞானத்தகப்பன் ஹால்வர்சன் சோளச் சிப்ஸ்.

பங்குச் சாமியார் பாதர் இல்தெஃபோன்சோ படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"பொண்ணுங்க பக்கத்துல பீடத்துக்கு முன்னாடி ஒரு ஆள் முட்டி போடணும்," என்றார். "கம்பெனி முட்டி போடுமா?"

போடாது என்று ஒப்புக்கொண்டோம். அதற்கென்ன, என் பெயரைப் போடு என்று ரொஹேலியோ சொல்லிவிட்டார். அன்றே எச்சரித்தேன். தனியாக இருக்கும்போது, கோபம் வந்தால் மட்டும், நான் அவரைப் பழைய பெயரில் கூப்பிடுவது உண்டு.

"ரோஜர், முட்டி போட்டுட்டா நீங்க பதினஞ்சு வீட்டுக்கும் கொம்பாத்ரே ஆயிடுவீங்க."

"அதெல்லாம் ஒரு பேச்சுக்குச் சொல்றது, இமெல்டா."

மருந்துக்கடைக்காரர் மகனுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. ஒருவர் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆனால், பிள்ளையைப் பெற்றவருக்குக் கொம்பாத்ரே. ரத்த உறவைக்கூட முறித்துக்கொள்ளலாம், இதை முறிக்க வழியே கிடையாது. மேற்குப் பக்கத்தில் அந்தப் படிவத்தை யாரும் விளம்பர ஒப்பந்தமாகப் படிக்கவில்லை. இருபது பேர் சுமக்க வேண்டிய உறவை, பதினைந்து பெண்களுக்கும் சேர்த்து, ஒரே மனிதர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார் என்றுதான் படித்தார்கள். சிலர் கையெழுத்துப் போடும்போது அழுதார்கள். ரொஹேலியோ அதையும் படம் எடுக்கச் சொன்னார்.

விழா ஜூன் மாதம் அமோகமாக நடந்தது. பதினைந்து முறை எழுந்து முட்டி போட்டதில் அவருக்கு நிஜமாகவே இடுப்பு பிடித்துக்கொண்டது. உள்ளூர்ப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் படம். தலைப்பு, பதினைந்து கனவுகளின் தந்தை. அதுவும் நான் எழுதியதுதான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஸார்ஸமோரா சாலையில் டயர் கடை வைத்திருக்கும் எவுசேபியோ லொங்கோரியா, ஒன்பதாம் மாடிக்கு வந்தார். பதினைந்து பெண்களில் யாதிராவின் அப்பா. கையில் அலுமினியத் தாள் சுற்றிய தட்டு. மனைவி மினெர்வா சோள மாவைச் சோளத்தோலில் மடித்து அவித்த தமாலெஸ். வரவேற்பில் இருந்த பெண் நேரம் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

"என் கொம்பாத்ரேவைப் பாக்க நான் நேரம் கேக்கணுமாம்மா?" என்று கேட்டார் எவுசேபியோ. கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அன்று தொடங்கியது. ஒரு கொம்பாத்ரே தன் தம்பி மகனுக்குச் சிப்ஸ் ஆலையில் வேலை கேட்டார். ஒருவர் பழைய வண்டி ஒன்றை வாங்கலாமா என்று ஆலோசனை கேட்டு, வண்டியையே கட்டடத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். ஓர் அம்மாள் குடிகாரப் புருஷனை இழுத்துவந்து அவருடைய சோபாவில் உட்கார வைத்து, நீங்கள்தான் கண்டிக்க வேண்டும், கொம்பாத்ரே சொன்னால் கேட்பார் என்றாள். ரொஹேலியோ கண்டித்தார். பருத்திக் காட்டுக் கதையை எடுத்துவிட்டார். புருஷன் தேம்பித் தேம்பி அழுது அவர் கையை முத்தமிட்டான். அவர்கள் போனதும், காலாண்டு அறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று என்னைக் கேட்டார்.

வாங்கிக்கொள்ள மட்டும் வந்திருந்தால் விரட்டுவது சுலபம். அவர்கள் கொடுக்கவும் செய்தார்கள், அதுதான் தொல்லை. ஒரு சனிக்கிழமை காலை, கேட்டுக்கு உள்ளே இன்னொரு கேட் வைத்த அவருடைய குடியிருப்பில், அவர் வீட்டுக் கூரைமேல் மூன்று பேர் ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் போலீசுக்குச் சொல்லிவிட்டார். போலீஸ் வந்து கேட்டபோது, போன வாரம் வந்தபோது ஓடு விலகியிருப்பதைப் பார்த்தோம், கொம்பாத்ரே வீட்டில் மழை ஒழுகினால் எங்களுக்குத் தூக்கம் வருமா என்றிருக்கிறார்கள். போலீஸ்காரர் பெயர் மால்தொனாதோ, எங்கள் ஜனம்தான். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவரும் மேலே ஏறி ஒரு ஓட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆகஸ்டில் ரொஹேலியோ சரக்கு லிப்டில் ஏறி இறங்க ஆரம்பித்தார். பதினைந்து குடும்பங்களுக்கும் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். திட்டத்தின் காலம் வெற்றிகரமாக நிறைவடைந்தது, தங்கள் பங்கேற்புக்கு நன்றி, இனிமேல் தொடர்பு கொள்ள அவசியமில்லை. எழுதினேன். எழுதும்போது என் கை கூசியது என்று சொல்ல ஆசைதான். இத்தனை வருஷத்தில் அந்தக் கை எதற்கும் கூசி நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து எவுசேபியோ தொலைபேசியில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். உங்கள் ஆபீசில் யாரோ ஒரு பெண் தப்பான காகிதத்தைத் தபாலில் போட்டுவிட்டாள், கொம்பாத்ரே பார்த்தால் கோபப்படுவார், அவளுக்கு வேலை போய்விடும், அதனால் பதினைந்து வீட்டிலும் வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டேன், நீங்களும் அவரிடம் சொல்லாதீர்கள் என்றார். நன்றி என்று சொல்லி வைத்தேன்.

அக்டோபர் வந்தது. நதிக்கரை ஓட்டலில் மதிய விருந்து. நாற்பது மேஜைகள். வர்த்தகச் சங்கம் 'சமூகத்தின் இதயம்' என்ற விருதை ரொஹேலியோவுக்கு வழங்கப் போகிறது. நாற்பதில் பன்னிரண்டு மேஜைகளை எங்கள் அறக்கட்டளையே வாங்கியிருந்ததால், வேறு யாருடைய இதயத்தையும் சங்கம் பரிசீலிக்கவில்லை. கிழவர் ஹால்வர்சன் முதல் மேஜையில் உட்கார்ந்திருந்தார். ரொஹேலியோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோழியை வெட்டிக்கொண்டே இருந்தார், ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை. சாயங்காலத்துக்குள் முப்பத்தொன்றாம் மாடியா தெருவா என்பது தெரிந்துவிடும்.

விருதைப் பற்றி உள்ளூர் வானொலியில் சொல்லியிருந்தார்கள். கொம்பாத்ரேவுக்கு மரியாதை செய்கிறார்கள் என்றால் வீட்டு ஜனம் வராமல் எப்படி. பதினைந்து குடும்பமும் வந்துவிட்டது. அறுபது எழுபது பேர். ஆண்கள் இஸ்திரி போட்ட சட்டையில், பெண்கள் பூசைக்குப் போகும் உடுப்பில், பெண்பிள்ளைகள் பதினைந்து பேரும் கையில் ஆளுக்கொரு தட்டோடு. டிக்கெட் என்று ஒன்று உண்டு என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. சொந்தக்காரர் விசேஷத்துக்கு யார் டிக்கெட் வாங்குவார்கள்? கதவில் நின்ற ஓட்டல் ஆட்கள் மறித்துவிட்டார்கள்.

ரொஹேலியோ முதல் மேஜையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தார். நாற்பது மேஜைக்கும் தெரியும்படி டயர் கடைக்காரர் கையை ஆட்டினார். ரொஹேலியோ பதிலுக்குக் கை ஆட்டவில்லை. கைத்துடைப்புத் தாளில் எதையோ எழுதி எனக்கு அனுப்பினார். 'சமையலறை வழியாக வெளியே. கேக் கொடு.' அவர் சொந்தமாக எழுதிய வாக்கியங்களில் மிகத் தெளிவானது அதுதான்.

நான் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். என்ன சொல்லுவது என்று யோசிப்பதற்குள் எவுசேபியோ முந்திக்கொண்டார்.

"கூட்டமா இருக்கும்னு தெரியும், கொமாத்ரே. நாங்க இங்கயே நின்னுக்கறோம். அவர் பேசறது கேட்டா போதும்."

கொம்பாத்ரேவுக்குப் பெண்பால் கொமாத்ரே. அவர் என்னையும் உறவில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கிழவர் ஹால்வர்சன் வெளியே வந்தார். அவருக்கு முழங்கால் மரத்துப்போகும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். உள்ளே ரொஹேலியோவை மேடைக்கு அழைத்துவிட்டார்கள். கிழவரோ தட்டுகளைப் பார்த்தபடி நின்றார். அறுபது வருஷமாகச் சோளத்தில் வாழ்ந்தவர். மூக்கு விடவில்லை. மினெர்வா ஒன்றும் கேட்காமல் ஒரு தமாலின் மேல்தோலை உரித்து அவர் கையில் வைத்தாள். நின்றபடியே தின்றார். இரண்டாவதையும் தின்றார். பிறகுதான் நீங்களெல்லாம் யார் என்று கேட்டார்.

"ரொஹேலியோவோட கொம்பாத்ரேங்க, சார். எங்க பொண்ணுங்க பதினஞ்சு பேருக்கும் அவர்தான் ஞானத்தகப்பன். எங்க வீட்டு ஆளு," என்றார் எவுசேபியோ.

கிழவர் மெல்லுவதை நிறுத்தினார். "வீட்டு ஆளா? அப்புறம் நீங்க ஏன் வெளியே நிக்கறீங்க?"

பதில் என் உள்ளங்கையில் மடித்து இருந்தது. எவுசேபியோ என் கையைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"இடம் பத்தாதுன்னு நாங்களாத்தான் நின்னுட்டோம், சார்."

கிழவர் கதவைத் தானே தள்ளித் திறந்தார். எல்லாரும் வாருங்கள் என்று முன்னால் நடந்தார். மேடையில் ரொஹேலியோ பருத்திக் காட்டின் நடுவில், விடியலுக்குச் சற்று முன்பாக இருந்தார். எழுபது பேர், முன்னால் தன் முதலாளி, பிள்ளைகள் கையிலெல்லாம் தட்டு. அவர் முகம் வெளுத்தது. பிறகு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் விளம்பரக்காரர்களின் முகத்தைப் படித்துப் பழகிய மனிதருக்கு அது போதும். பருத்திக் காட்டை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்தபடி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார். இடுப்பைப் பிடித்துக்கொள்ள மறந்துவிட்டார்.

"என் கொம்பாத்ரேக்கள்," என்றார். "நான் உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தேன்."

எவுசேபியோவைக் கட்டிக்கொண்டார். கண்ணீர் வந்தது. நிஜக் கண்ணீர், நான் எழுதிக் கொடுத்ததில்லை. பயத்திலும் அழுகை வரும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

கிழவருக்குத் திருப்தியாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். குடியானவன் புத்தி, மாட்டை வாங்குமுன் பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் தோன்றும்.

"உங்க ஞானப்பிள்ளைங்க எங்கே? எனக்குக் காட்டுங்க. ஒவ்வொண்ணா பேரு சொல்லுங்க," என்றார்.

ரொஹேலியோ என்னைப் பார்த்தார். எந்த வாக்கியம் நின்றுபோனாலும் அவர் என்னைத்தான் பார்ப்பார். நான் அவரையே பார்த்தேன். பெயர்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பில் இருந்தன. என் தலைப்புகளில் அவர்கள் எப்போதும் பதினைந்து கனவுகள்தான். எனக்கும் யாதிரா என்ற ஒரு பெயரைத் தவிர வேறு தெரியாது. அந்தப் பெண் அவருக்கு மூன்றடி தள்ளி, தட்டை ஏந்திக்கொண்டு, கூப்பிடுவார் என்று கழுத்தை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தாள்.

ரொஹேலியோ கை எட்டும் தூரத்தில் நின்ற ஒரு பெண்ணைத் தோளில் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டார். நீல கவுன், பதினைந்து வயது இருக்கும்.

"இவதான் சார், எனக்கு முதல்ல ஞானப்பிள்ளையானவ. இவளை என் சொந்தப் பொண்ணாத்தான் நினைக்கறேன்."

அந்தப் பெண் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அவள் நெற்றியில் முத்தமிட்டார். கேமராக்கள் மின்னின. யாதிராவின் தட்டு கொஞ்சம் தாழ்ந்தது. மினெர்வா தரைவிரிப்பைப் பார்த்தாள்.

கிழவர் எவுசேபியோவின் பக்கம் திரும்பினார். "உங்க பொண்ணா?"

எவுசேபியோ நீல கவுனைப் பார்த்தார். தன் மகளைப் பார்த்தார். கடைசியில் ரொஹேலியோவின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒன்பது மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. 

"ஆமா, சார். எங்க பொண்ணுதான்."

கிழவர் நேராக ஒலிபெருக்கிக்குப் போனார். நான் தேடிய ஆள் கிடைத்துவிட்டான், சிகாகோவில் இவருக்கு ஓர் அறை காத்திருக்கிறது என்று இரண்டே வாக்கியத்தில் முடித்தார். நாற்பது மேஜையும் எழுந்து நின்று கைதட்டியது. தமாலெஸ் பத்து நிமிஷத்தில் தீர்ந்தது. ஓட்டல் கோழியை யாரும் தொடவில்லை.

கூட்டம் கலைந்தபின் வண்டி நிறுத்துமிடத்தில் எவுசேபியோ காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். யாதிரா வண்டிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கொம்பாத்ரே தடுமாறிட்டாரு. விழும்போது பிடிக்கத்தானே இந்த உறவு," என்றார். பிறகு தட்டைத் துடைத்தபடி, "எம் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல. அதுக்கு எதாவது எழுதித் தருவீங்களா?" என்றார்.

முயற்சி செய்கிறேன் என்றேன். இன்றுவரை எழுதவில்லை.

ரொஹேலியோ நவம்பரில் சிகாகோ போனார். நீல கவுன் பெண்ணோடு எடுத்த அந்தப் படம் கம்பெனியின் ஆண்டறிக்கையில் முழுப்பக்க அட்டையாக வந்தது. முப்பத்தொன்றாம் மாடியில் அவர் மேஜைக்குப் பின்னால் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதன் கீழே உள்ள 'தன் ஞானமகளுடன் ரொஹேலியோ உர்தியாலெஸ்' என்ற வரியும் என்னுடையதுதான். அந்தப் பெண்ணின் பெயர் டெனிஸ். ஏழாம் மேஜையில் இருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டின் மகள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்க எழுந்து வந்தவள்.